ஆறு பேர், ஒரு கைக்குழந்தை

"ஆறு பேர், ஒரு கைக்குழந்தை" என்றதும்
போனின் அந்தப் பக்கம்
கொஞ்சம் யோசிக்கிறது.

"மாடிதான் சார். லிஃப்ட் இல்ல."
கடல் தெரியுமாம். விளக்குச் சரம் தொங்குமாம்.
நாற்பத்திரண்டு படி.
கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி
ரொசாலியின் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு
எண்ணியபடியே இறங்கியிருக்கிறேன்.

மிஷன் வீதியில்
ஃபேமிலிக்குத் தனி அறை உண்டு என்றார்கள்.
போய்ப் பார்த்தேன்.
உண்டுதான்.
நடுவில் ஒரு தட்டி,
தட்டிக்கு அந்தப் பக்கம் பார்.
யாரோ ஒருவர் தட்டிக்கு மேலே எட்டி
"ஊறுகாய் இருக்கா அண்ணே" என்றார் என்னிடம்.

மூன்றாவதில் குழந்தை நாற்காலியே இருந்தது.
ஒன்றே ஒன்று.
கல்லாக்காரர் அதில்
பழைய பில் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்.
"வேணும்னா எடுத்துடறேன்" என்றபோது
குரலில்
பல வருஷக் குடித்தனக்காரரைக்
காலி செய்யச் சொல்லும் சங்கடம்.

நான்காவதில் சனிக்கிழமையானால் கிதார்.
ஐந்தாவதில் ஏசி பதினெட்டு,
கூட்ட முடியாது,
ரிமோட் முதலாளியிடம்,
முதலாளி சென்னையில்.

"பேசாம பிரியாணி வாங்கி
வீட்லயே கேக்கை வெட்டிடலாம் மாப்ள"
என்றான் மச்சான் அந்துவான்.
குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த ரொசாலி
நிமிரவில்லை.
"வீட்ல வேணாம்."
அவ்வளவுதான் சொன்னாள்.
ஒரே ஜட்டியை இரண்டு முறை மடித்தாள்.

எட்டு மாதமாக அவள் சாப்பிடுவது
நின்றுகொண்டு.
இடது இடுப்பில் ஆக்னேஸ்.
வலது கையில் ஆறிப்போன தோசை,
விறைத்து,
ஓரம் மேலே மடங்கி.
சட்னி கிடையாது.
சட்னி தொட
மூன்றாவதாக ஒரு கை வேண்டும்.

ஆறாவது கடைக்குப் போன் செய்து
நாற்காலியைக் கேட்கவில்லை,
படியைக் கேட்கவில்லை.
"வாசல்ல நிக்க இடம் இருக்குமா?"
"எதுக்கு சார்?"
"நிக்கத்தான்."

புஸ்ஸி வீதிக்குப் பக்கத்தில், கண்ணாடி முகப்பு.
ஆக்னேஸ் நாற்காலியில் ஏழு நிமிடம் இருந்தாள்.
கரண்டியை மூன்று முறை கீழே போட்டாள்.
மூன்று முறையும் குனிந்து எடுத்த பையன்
நான்காவதற்கு முன்பே
வேறு கரண்டியோடு வந்து நின்றான்.
சூப் வந்தது.
அழுகையும் வந்தது.
பக்கத்து மேசையில் ஒரு பெரியவர்
காது மிஷினைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்,
கோபமில்லாமல்.

எழுந்துவிட்ட ரொசாலியின் தோளை அழுத்தி
நான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருமுனையில் டியூட்டியில் ஒரு போலீஸ்காரர்.
சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும்
ஆக்னேஸுக்கு அழுகை
பாதியில் மறந்துபோனது.
அவர் தலையை இடது பக்கம் திருப்பினார்.
இவள் இடது பக்கம்.
வலது பக்கம் திருப்பினார்.
நடுவே, ஒருவழிப் பாதையில்
எதிரே வந்த ஒரு ஸ்கூட்டர்
தப்பித்துப் போனது.

கண்ணாடிக்குள்
பரோட்டா வந்திருக்கிறது.
இறால் தொக்கின் ஆவி ஏறி
ரொசாலியின் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிட்டது.
அவள் துடைக்கவில்லை.
எதையும் பார்க்காமல்
இரண்டு கையாலும் பிய்க்கிறாள்.
அந்துவான் ஏதோ கேட்கிறான்,
வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறாள்.
என் தங்கை
என் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைக்கிறாள்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ரொசாலி கை தூக்கினாள்.
எங்களைத்தான் என்று
கதவுவரை போய்விட்டேன்.

இல்லை.
பரிமாறுகிற பையனிடம்
ஒரு விரல் காட்டுகிறாள்.
இன்னும் ஒன்று.
கொஞ்சம் யோசித்து,
இரண்டு.

"உள்ள போகலையா சார்?" என்றார் போலீஸ்காரர்.
"போலாம்" என்றேன்.
"நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க."